டி.வி. கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒரு எலி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், நீ பாகங்களைச் சேர்த்து அமைத்துக் கொடுத்துவிட்டுப் போன டி.வி. கம்ப்யூட்டரும் இப்போது சுகம், உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது. நின்றபடியே பார்க்கிற வேலை, அதனால் கேட்கிறேன். போனில் இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதனால் கடிதம்.

வாலிபால் இறுதிப் போட்டிக்கு உன்னைக் கோட்டு நடுவராகப் போட்டிருக்கிறார்கள் என்று நீ சொன்னதை நான் அப்பாவிடம் சொன்னேன், அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். நீ இதற்காகப் பேங்க் வேலையை விட்ட அன்று அவர் கேட்டது உனக்கு மறந்திருக்காது, ஆடறவன் பேரு வெளிய வரும், கோட்டப் பாத்துட்டு நிக்கிறவ பேரு எவனுக்குத் தெரியும் என்றார். அதற்குப் பிறகு இந்த வீட்டில் வாலிபால் என்ற சொல்லே கிடையாது. சரி, நான் மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன். ஒளிபரப்பு ஒரே தடவை, ஞாயிறு மதியம், அந்த நேரம் கண்ணாடிக் கடையில் என் முறை, ரெக்கார்டு ஆகாவிட்டால் போனது போனதுதான். அன்று சாயங்காலமே மெஷினைப் போட்டேன். உள்ளே சேனல் பிடிக்கிற ட்யூனர் கார்டு இரண்டு, மேலே இருப்பது ரெக்கார்டு செய்ய, கீழே இருப்பது நேரடியாகப் பார்க்க, அப்படித்தானே நீ அமைத்தாய். மேல் கார்டில் சிக்னல் இல்லை என்றது. கீழ் கார்டில் படம் பளிச்சென்று.

பின்பக்கம் கை வைக்க மாட்டோம் என்று நாங்கள் இரண்டு பேரும் உனக்குச் சத்தியம் செய்திருக்கிறோம், மிக்ஸியைப் பிரித்த மனிதர் இருக்கிற வீடு, நீ கேட்டதில் தப்பே இல்லை. ஆனாலும் கை வைத்தேன். மொட்டை மாடி ஆன்டெனாவிலிருந்து வருகிற ஒயர் பிரிகிற இடத்தில் இரண்டு குட்டி கேபிள், கார்டுக்கு ஒன்றாக. அவற்றை இடம் மாற்றிச் சொருகினேன். மேல் கார்டு வேலை செய்தது. மனதுக்குள் எனக்கே ஒரு சபாஷ். மறுநாள் கடை விட்டு வந்து பார்க்கிறேன், மறுபடி சிக்னல் இல்லை. மறுபடி மாற்றினேன், வந்தது. அடுத்த நாள் போயிற்று. சேனல்களை எல்லாம் அழித்துப் புதிதாகத் தேட விட்டேன். நீ செய்வது போலக் கார்டைக் கழற்றி ரப்பரால் தேய்த்தும் போட்டேன். எதற்கும் மசியவில்லை. உனக்குப் போன் செய்யவும் மனம் வரவில்லை, போட்டிக்குப் போகிறவளிடம் ஒயரைப் பற்றி என்ன பேச்சு. கடைசியில் படம் தருகிற நல்ல கேபிளுக்கு அடையாளமாகச் சிவப்பு நகச்சாயம் ஒரு சொட்டு வைத்தேன். மேல் கார்டில் சொருகிய சிவப்பு, மறுநாள் கீழ் கார்டில் இருக்கிறது. நம் வீட்டுச் சாவி ஒன்றைக் கொடுத்து வைத்திருக்கிற மாடி வீட்டு டைலர் மேல்கூடச் சந்தேகப்பட்டேன், பாவம் அந்த மனுஷன்.

வெள்ளிக்கிழமை தலைவலி என்று கடையில் சொல்லிவிட்டு முன்னதாகவே வந்தேன். டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு கால். லிப்ட் ரிப்பேருக்குப் போடுகிற காக்கிக் கால்சட்டை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குப்புறப் படுத்திருந்தார் உன் அப்பா. என்ன பண்றீங்க என்றேன். டார்ச்சை எடுத்துவிட்டு, "எலி வந்த மாதிரி இருந்துச்சு" என்றார். "எந்தச் சேனல் பாக்க வந்துச்சாம்?" என்றேன். அவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

புரிகிறதா. நான் ரெக்கார்டுக்காக மேல் கார்டுக்கு நல்ல கேபிளைக் கொடுக்கிறேன். அவர் நேரடியாகப் பார்ப்பதற்காக அதை எடுத்துக் கீழ் கார்டுக்குக் கொடுக்கிறார். ஒரே கூரைக்குக் கீழே இத்தனை நாள், வாயைத் திறந்து ஒரு வார்த்தை இல்லை. அவரும் என்னைப் போலவே மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று பயந்திருக்கிறார். எதுக்குங்க உங்களுக்கு நேரடியா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கெட்ட கேபிளைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார், முனையில் நடுக்கம்பி அறுந்திருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு போய்ப் புதிது வாங்கி வந்தார். அளவு குட்டை, மெஷினையே முன்னால் இழுக்க வேண்டியிருந்தது, இப்போது ஹாலில் போகிறவர் வருகிறவர் எல்லாம் அதில் இடித்துக்கொள்கிறோம். ஆனால் இரண்டு கார்டிலும் படம்.

ஞாயிறு மதியம் தூங்கிவிட்டதாகச் சொன்னார். நான் வந்த பிறகு ரெக்கார்டைப் போட்டோம், இரண்டு பேரும் முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி. நீ தூரத்து மூலையில், கொடியோடு, தீக்குச்சி அளவுக்கு. கடைசி செட். பந்து இந்தப் பக்கம்தான் இருந்தது, காமிராவும் இந்தப் பக்கம்தான். அப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, "இப்ப அந்த மூலையப் பாரு, அவ பக்கம் வரும்" என்றார். வந்தது. கொடியைக் கீழே இறக்கி உள்ளே என்று காட்டினாய். ஆட்டக்காரர்களில் அந்த உயரமானவன் கையை விரித்துக்கொண்டு உன்னை நோக்கி வந்தான், நீ முகத்தைக்கூடத் திருப்பவில்லை. "உள்ளதான்" என்றார் அப்பா, அவனிடம். தூங்கின மனிதருக்கு இது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. மறுபடி போடு என்றார், போட்டேன்.

நல்லா இரு, கண்ணு. உன் கண்ணும் காலும் கெட்டியாக இருக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு, முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. ஒன்று மட்டும் ஞாபகம் வை. அப்பாவிடம் போட்டியைப் பார்த்தீர்களா என்று கேட்காதே, இல்லை என்பார். அந்தப் பந்து உள்ளேயா வெளியேயா என்று மட்டும் கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா