உப்புப் பனியில் அலறியவளுக்கு

நேற்று சாயங்காலம் சமூக நிலையத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து நீ அலறினாய்.

கையில் மீன் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உன் பெட்டியின் மேல் மண் போட்டவர்களில் நானும் ஒருத்தி. ஆனாலும் அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? எட்டிப் பார்த்தேன். டெலிவிஷன் முன்னால் பிள்ளைகள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். திரையில் நம் பனிப்பூதம் படம். கதாநாயகி வாயைப் பிளந்துகொண்டு பின்னுக்கு நகர்கிறாள், வெள்ளை மயிர் போர்த்த பூதம் கைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறது, அவள் வாயிலிருந்து உன் குரல் வருகிறது. பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? சிரித்தார்கள்.

"சாக்குத்துணி லா அது, தையல் தெரியுது பாரு!" என்றான் ஒரு பயல். தைத்த நான் அவனுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

பெயர்களெல்லாம் படத்தின் தொடக்கத்திலேயே ஓடி முடிந்திருக்கும். அதைப் பார்க்க வேண்டியதில்லை, எனக்கு மனப்பாடம். ஐஸ்கட்டி கொடுத்த கடைக்காரருக்கு நன்றி உண்டு. உனக்கு இல்லை. வீட்டுக்கு வந்து மீனை ஆய்ந்துகொண்டே உன்னைத் திட்டினேன். திட்டித் தீரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தத் தகரக் கொட்டகையை நீ மறந்திருக்க மாட்டாய். மூன்றே படம் எடுத்து மூடிப்போன கம்பெனி. சீன முதலாளி, நம் தவுக்கே, டவுனில் ஏதோ வெள்ளைக்காரப் பனிப்பூதப் படத்துக்குக் கூட்டம் அலைமோதுவதைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி மலாய் மொழியில் ஒன்று வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அவரும் பனியைப் பார்த்ததில்லை, மதராஸிலிருந்து வந்த டைரக்டரும் பார்த்ததில்லை. மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டினார்கள். அதன்மேல் இலவம்பஞ்சு. வெளியே புக்கிட் தீமா ரோட்டு வெயில், உள்ளே தகரச் சூட்டில் கதாநாயகி கம்பளிக் கோட்டுக்குள் வெந்துகொண்டிருப்பாள். குளிரில் மூச்சு புகையுமாமே என்று அவளுக்குச் சிகரெட் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பூதமாக நடித்த காசிமுக்கு உப்பு பட்டுக் காலெல்லாம் புண். "அலாமாக்! இந்த ஊர்ல பனிக்காலம் எப்பத்தான் முடியும்?" என்று மலாயில் புலம்புவான். நான் மூலையில் உட்கார்ந்து அவனுடைய பூதத்தோலில் விட்டுப்போன தையலைப் போட்டுக்கொண்டிருப்பேன்.

அங்கேதான் கம்பெனியின் ஆர்மோனிய மாஸ்டர் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாதா கோயில் பூசையில் நீ பாடியதைக் கேட்டு அசந்துபோனவர் அவர். கம்போங் கப்பூரில் ஒரே குழாயடியில் உன்னோடு தண்ணீர் பிடித்த எனக்கே அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை. நீ பாடினாய். டைரக்டர் கண்ணை மூடிக் கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா. அடுத்த படத்துல உங்களுக்குப் பாட்டு."

அத்தோடு நீ வீட்டுக்கு வந்திருக்கலாம். ஆனால் பக்கத்து அறையில் கதாநாயகியின் அலறலைப் பதிவு செய்ய முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். அவள் அலறினால் போகிற பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கூப்பிடுவது போல இருந்தது. டைரக்டர் உன் பக்கம் திரும்பினார். "நீங்க ஒரு தரம் கத்திப் பாருங்களேன்."

நீ என்னைப் பார்த்தாய். பிறகு கத்தினாய். தெருநாய்கள் எல்லாம் குரைத்தன. காசிம் டீ கிளாஸைக் கீழே போட்டான். தவுக்கே ஒற்றைச் செருப்போடு ஆபீசிலிருந்து ஓடி வந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நீ கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

"எதடி நெனச்சுக் கத்துன?" என்று வழியில் கேட்டேன்.

"ஒண்ணும் நெனக்கல சரசு. மேல ஒரு சுரத்தப் பிடிச்சேன், அவ்வளவுதான்."

இரண்டாவது படம் வந்தது. பூதத்துக்குப் பெண்டாட்டி. அதிலும் உனக்கு அலறல்தான். நான் சொன்னேனா இல்லையா? "மொதல்ல பாட்டு, அப்புறந்தான் கத்துவேன்னு சொல்லுடி."

"கேட்டா கோவிச்சுக்குவாரு."

"கோவிச்சுக்கட்டுமே!"

"மனசுல வச்சிருக்காரு சரசு. தானா குடுப்பாரு."

மூன்றாவது படத்தில் கொடுத்தார்தான். பனிக்குடிசைக்குள் மாட்டிக்கொண்ட பெண் விடியலுக்காகக் காத்துக்கொண்டு பாடுகிற பாட்டு. வரி மலாய், மெட்டு மாஸ்டருடையது. நீ ஒரு மாதம் அதையே முணுமுணுத்துக்கொண்டு திரிந்தாய். சோறு வடிக்கும்போது பாடினாய், துணி அலசும்போது பாடினாய்.

பாட்டுப் பதிவுக்கு முதல் நாள் உன்னை அலறக் கூப்பிட்டார்கள். அந்தப் படத்தில் பூதம் ஐந்து பெண்களைக் கொல்கிறது, ஐந்து பேருக்கும் நீதான் குரல். காலையில் உள்ளே போனவளைப் பொழுது சாயும்வரை விடவில்லை. கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் டைரக்டர், "பிரமாதம், இன்னொண்ணு" என்பார். வெளியே வந்தபோது தண்ணீர் வேண்டும் என்பதைக்கூடக் கையால்தான் காட்டினாய். "நாளைக்கு வர முடியாது, ரெண்டு நாள் தள்ளிப்போடுங்கன்னு சொல்லு" என்று கெஞ்சினேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டாய்.

மறுநாள் மைக் முன்னால், பாட்டு மேலே ஏறுகிற இடத்தில் உன் குரல் பிளந்தது. மறுபடி பாடினாய், மறுபடி பிளந்தது. வயலின்காரர் தலையைக் குனிந்துகொண்டார். டைரக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பாட்டு வேண்டாம். அந்த இடத்துல காத்துச் சத்தம் போட்டுக்கலாம்."

மாஸ்டர் சண்டை போட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. டேப்பை வீணாக்கக் கூடாது என்று, நீ பாடியதை அழித்துவிட்டு அதன் மேலேயே பனிக்காற்றைப் பதிவு செய்தார்கள். மின்விசிறியை எண்ணெய் டின்னுக்கு நேரே ஓடவிட்டார்கள், அதுதான் பனிக்காற்று. நீயும் அங்கே நின்று அதை வேடிக்கை பார்த்தாய்!

என்னால் முடியவில்லை. நேரே டைரக்டரிடம் போனேன். "நேத்து பூரா கத்த வச்சுட்டு இன்னிக்குப் பாடுன்னா எப்படிங்க பாடுவா? ஒரு வாரம் பொறுத்தா என்ன?"

அவர் கோபப்படவே இல்லை. அதுதான் இன்றைக்கும் எரிகிறது. "பாடுறவங்க தெருவுக்குத் தெரு கிடைப்பாங்கம்மா. இப்படிக் கத்துறவங்க கிடைக்க மாட்டாங்க" என்றார், உன்னைப் பாராட்டுகிற மாதிரி.

கத்தரிக்கோலை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. நீ போனாய். அடுத்த வாரமே கூப்பிட்டார்கள் என்று போய், மிச்சமிருந்த அலறலையும் கொடுத்துவிட்டு வந்தாய். குரல் அதற்குப் பிறகு தேறவே இல்லை. கோயில் பாடற்குழுவில் பின் வரிசைக்குப் போனாய். பிறகு வாயை மட்டும் அசைத்தாய். பிறகு குழுவுக்கே போகவில்லை. கல்யாணம், பிள்ளை என்று ஆன பிறகு யாராவது பாடச் சொன்னால், "எனக்குப் பாட்டெல்லாம் வராதுங்க" என்பாய். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோதுகூட விடாமல் கேட்டேன். "ஒரு நாளாச்சும் அந்த ஆள் மேல கோவம் வந்துச்சாடி ஒனக்கு?"

காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. அப்போதும் சிரித்தாய். "நீதான் எனக்கும் சேத்துக் கோவப்படுறியே சரசு. நான் வேற எதுக்கு?"

இப்படிச் சொல்லிவிட்டுப் போனால் நான் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? கம்பெனி இல்லை. டைரக்டர் ஊருக்குப் போய்விட்டார். மாஸ்டர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. சண்டை போட எனக்கு ஆளே இல்லை.

உன் மகள் பள்ளிக்கூடம் விட்டதும் என் வீட்டுக்குத்தான் வருகிறாள், அவள் அப்பா வேலை முடிந்து வரும்வரை. போன மாதம் ஒரு நாள் தையல் மிஷினில் சாய்ந்துகொண்டு கேட்டாள். "சின்னம்மா, அம்மா நல்லாப் பாடுவாங்களாமே. எப்படிப் பாடுவாங்க?"

அந்தக் குடிசைப் பாட்டு எனக்கு முழுசாகத் தெரியும். ஒரு வார்த்தை விடாமல், ஒரு வளைவு விடாமல் தெரியும். மாஸ்டரை விட்டால் உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் எனக்குச் சுருதி சேராது, அதுவும் உனக்குத் தெரியும். பாடிக் காட்டினேன். அவள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இதுவா அம்மா பாட்டு?"

"இது இல்லடி, இது மாதிரி. இரு, இன்னொரு தரம் பாடுறேன்."

எத்தனை தரம் பாடினேனோ. ஏறுகிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் வேறு எங்கேயோ போய் நின்றேன். அவளுக்கு உன் காது. நான் பாடியதை அப்படியே, என் தப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இன்று காலை பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது என் வாசல் வழியாக அதையே பாடிக்கொண்டு போனாள். குரல் என்னமாய் இருக்கிறது! அந்த இடம் வந்ததும் நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தபடியே தப்பாக ஏறினாள். அது தப்பு என்று என் காதுக்குத் தெரிகிறது. சரியாக எப்படி என்று அவளுக்குப் பாடிக் காட்ட என் தொண்டையால் முடியவில்லை.