அசையாமல் கிடக்கும் காடை

8 ஜூலை 1996

ஆய்வுக்கூடத்தில் இன்று புதுக் காடைகள். ஒவ்வொன்றாக எடுத்து மல்லாத்தி, நெஞ்சில் விரல் வைத்துச் சற்று அழுத்திவிட்டுக் கையை எடுப்பேன். எடுத்த பிறகும் கண் திறந்தபடி செத்ததுபோல் கிடக்கும். எப்போது புரண்டு எழுகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. எழ நேரம் ஆக ஆகப் பயம் அதிகம் என்று பொருள். பார்க்க வந்த மாணவிகள், "என்ன சாது!" என்றார்கள். சாது இல்லை, பயம் என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

சாயங்காலம் பாறசாலையில் ரயில் இறங்கி, பஸ் பிடித்து எங்கள் ஊரான காரோட்டுக்கு வந்தால், வீட்டில் தங்கை சுமி. வெள்ளறடையில் கட்டிக் கொடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பையோடு தனியாக வந்திருக்கிறாள். கேட்டால், "சும்மா வந்தேன்."

11 ஜூலை

சுமியின் மேல்கையில் கன்றிப்போன தடம். "ரப்பர் தோட்டத்துல விழுந்தாளாம்" என்கிறாள் அம்மா. அம்மாவே அதை நம்பவில்லை. பிறகு ஏன் சொல்கிறாள்?

14 ஜூலை

சுமியின் கணவன் யோசுவா வந்தான். "அளியா, சொகமா?" என்று மச்சான் முறை சொல்லி என்னிடம் ஒரே சிரிப்பு. சுமி பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். அவள் பேசவில்லை, அசையவும் இல்லை. அவன் போனதும் அப்பாவுக்குச் சந்தோஷம். "கண்டியா மக்கா? ஒரு மறுபேச்சு உண்டா? அவளுக்க கோவம் தீந்தாச்சு."

எனக்கும் அப்படித்தான் பட்டது. அடுத்த ஞாயிறு போதகர் வந்து ஜெபித்து, சுமியை அனுப்பிவைக்க முடிவாகியிருக்கிறது.

17 ஜூலை

ஒரு காடை எழவே இல்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். என் வழிகாட்டி விஜயம்மா டீச்சர் சத்தம் போட்டார் — உன் கண் அதன்மேல் இருக்கும்வரை அது எழாது, தள்ளிப் போ. திரைக்குப் பின்னால் போனேன். எழுந்துவிட்டது.

கூண்டில் விடும்போது அதன் நெஞ்சு என் கைக்குள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

சுமி! ஞாயிற்றுக்கிழமை நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? ஆராய்ச்சி பண்ணுகிறானாம். கழுதை.

18 ஜூலை

காடை பயத்தில் அசையாமல் கிடப்பதை அப்பாவிடம் சொன்னேன். "பொம்பளப் பிள்ளையும் காடையும் ஒண்ணாலே? போய் உனக்க வேலையப் பாரு."

21 ஜூலை

முன்னறை நிறைய ஆட்கள். நடுவில் சுமி. போதகர் நல்ல மனிதர், கேட்கத்தான் செய்தார். "சம்மதமா மகளே?" அவள் அசையவில்லை. "சம்மதமாக்கும், ஜெபிக்கலாம்" என்றார் அப்பா.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். என்னால் மூட முடியவில்லை. யோசுவாவும் மூடவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெபத்தின் பாதியில் எழுந்து அவன் கையைப் பிடித்தேன். "அளியா, வெளிய வா." "எல்லாரும் கொஞ்சம் வெளிய வாருங்க. அவ தனியா இருக்கட்டு." அப்பா, "எலே!" என்று கத்தினார். போதகர்தான் முதலில் எழுந்தார். அவர் எழுந்ததும் மற்றவர்களும் எழுந்தார்கள்.

முற்றத்தில் நின்றோம். வாசலுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நெடுநேரம் ஒன்றுமில்லை. தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

பிறகு பின்னாலிருந்து அவள் குரல். "எனக்கு அங்க போவாண்டாம்." போதகர் திரும்பவில்லை. "சொல்லு மகளே" என்றார். "அடிக்கான். கழுத்தப் பிடிச்சான். எனக்குப் போவாண்டாம் அப்பா."

அப்பா முற்றத்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

23 ஜூலை

காடையின் நெஞ்சில் விரல் வைக்கும்போது கை கூசியது. பயத்தை அளக்க முதலில் பயத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கொடுப்பது இந்தக் கைதான். இருந்தும் வைத்தேன். படிப்பை விட முடியுமா? தெரியவில்லை.

25 ஆகஸ்ட்

அப்பா இன்னும் என்னோடு பேசுவதில்லை. சர்ச்சில் கடைசி வரிசையில் போய் உட்காருகிறார்.

மத்தியானம் சுமிக்கும் அம்மாவுக்கும் சண்டை. மீன்குழம்பில் புளி கூடிவிட்டதாம். சுமி தட்டை நகர்த்திவிட்டுக் கத்தினாள். "மெதுவாப் பேசு பிள்ளே, அயலத்து ஆளுவளுக்குக் கேக்கும்" என்றாள் அம்மா.

அப்பா சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "கேக்கட்டு."