கான்வாயில் ஓவர்டேக் கிடையாது

அண்ணே,

இன்று காலை நம் ரங்கத் பஸ் ஜிர்கடாங் செக்போஸ்ட்டில் கான்வாய்க்குக் காத்து நின்றபோது, பின்சீட்டிலிருந்து அந்த ரேஸ் சீரியலின் ஆரம்ப இசை கேட்டது. முதலில் இன்ஜின் உறுமல், அப்புறம் மேளம். டிக்கெட் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். திரும்பிப் பார்த்தால் உங்கள் மகள். கையில் மூலை விரிசல் விட்ட உங்கள் பழைய போன்.

நீங்கள் ஸ்டீயரிங்கில், நான் பானெட் மேல், நடுவில் அந்தப் போன். எத்தனை காலைகள் இதே இடத்தில்! உங்களுக்கு ரேஸ், எனக்குக் கமாண்டோ போலீஸ் சீரியல். ஒரு நாள் உங்களுடையது, மறுநாள் என்னுடையது. மெயின்லேண்டிலிருந்து நம் தீவுக்குக் கப்பலில் வரும் எபிசோடுகளை அபர்டீன் பஜார் கடைக்காரர் பென்டிரைவில் ஏற்றித் தருவார். காட்டுப்பாதையில் கான்வாயாக, போலீஸ் வண்டிக்குப் பின்னால் நாற்பதைத் தாண்டாமல், முன்வண்டியை முந்தாமல் ஓட்டிப் பிழைக்கிற மனிதருக்கு ரேஸ் பைத்தியம் எதற்கு என்று கிண்டல் செய்வேன். "இங்க முடியாததைத்தானடா அங்க பார்க்கணும்" என்பீர்கள்.

சட்டமும் நீங்கள் போட்டதுதான். "சீரியல்லயும் கான்வாய்தான். ஓவர்டேக் நஹி!" ஒருவரை விட்டுவிட்டு மற்றவர் ஒரு எபிசோடுகூட முன்னால் போகக்கூடாது. என் போலீஸ் கதையிலிருந்தும் ஒன்று எடுத்துக்கொண்டோம். கதவை உடைத்து உள்ளே நுழையுமுன் பின்னால் நிற்பவன் முன்னால் நிற்பவனின் தோளைத் தட்டுவான். நான் தயார் என்று அர்த்தம். அதற்கப்புறம் உங்கள் வண்டியில் நான் விசிலே ஊதவில்லை. தோளில் ஒரு தட்டு, பஸ் கிளம்பிவிடும்.

ஆபரேஷனுக்கு நீங்கள் சென்னை போன வாரம்தான் ரேஸின் கடைசி எபிசோடு கப்பலில் வந்தது. "நான் வந்ததும் பார்ப்போம், தொடாதே" என்றீர்கள். இரண்டு நாள் தாக்குப்பிடித்தேன். மூன்றாம் நாள் இதே செக்போஸ்ட்டில் என் போனில் தனியாக உட்கார்ந்து பார்த்துத் தொலைத்தேன். நான் அத்தனை நாள் வாய் வலிக்கத் திட்டிய அந்த மஞ்சள் வண்டிக்காரன், ஜெயிக்கப் போகிற நேரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, எரிகிற வண்டியிலிருந்து நம் ஆளை இழுத்துப் போடுகிறான். அன்று சாயங்காலமே நீங்கள் கூப்பிட்டீர்கள்.

"பார்த்தியாடா?"

"சத்தியமா இல்லண்ணே. அந்த மஞ்சள் வண்டிக்காரனும் பாவம்தான், நீங்க வந்ததும் பார்ப்போம்."

"நானும் பார்க்கலைடா" என்றீர்கள்.

நீங்கள் சென்னை போன பதினோராம் நாள் உங்கள் சாவுச் செய்தி வந்தது. அதிலிருந்து மூன்று வருஷமாக ஒரே உறுத்தல். ஆசைப்பட்டுப் பார்த்த கதையின் முடிவு தெரியாமலே நீங்கள் போய்விட்டீர்கள். நான் திருட்டுத்தனமாகப் பார்த்ததோடு சத்தியம் வேறு செய்தேன். மறுபடியும் விசிலை எடுத்துக்கொண்டேன். வேறு யார் தோளையும் தட்ட மனம் வரவில்லை.

இன்று அந்த இசையைக் கேட்டதும் தாங்கவில்லை. உங்கள் மகளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சித்தப்பா, அப்பா ஆஸ்பத்திரியில சேர்ந்த அன்னிக்கே போன்ல பார்த்துட்டார். அது சென்னை, அங்க நெட் இருக்குல்ல?"

பென்டிரைவ் என் பையில் இருக்கிறவரை உங்களால் பார்க்க முடியாது என்றே இத்தனை வருஷம் நம்பியிருக்கிறேன் அண்ணே! சென்னையில் யாரும் கப்பலுக்காகக் காத்திருப்பதில்லை என்பது இந்தத் தீவுக்கார மண்டையில் ஏறவேயில்லை.

"உங்ககிட்ட பேசி வெச்சதும் பக்கத்துல இருந்த என்கிட்ட அப்பா சொன்னார், 'பயலும் பார்த்துட்டான்டி. மஞ்சள் வண்டிக்காரன் பாவமாம்! அப்பாடா, நான் மட்டும்தான் ஓவர்டேக் பண்ணினேன்னு இல்லை.' அன்னிக்கு ராத்திரி பூரா சிரிச்சுக்கிட்டே இருந்தார்."

நான் அழுதேனா சிரித்தேனா தெரியவில்லை. மனசு லேசாகிவிட்டது. நீங்களும் புளுகினீர்கள், நானும் புளுகினேன். கணக்குத் தீர்ந்தது என்று சொல்லமாட்டேன், நாம் சேர்ந்தேதான் பார்த்திருக்கிறோம்.

முன்னால் போலீஸ் வண்டி நகர்ந்தது. விசிலை வாய்வரை கொண்டுபோனவன் கீழே இறக்கினேன். புது டிரைவர் பெங்காலிக்காரர். அவர் தோளைத் தட்டினேன்.

"க்யா ஹுவா?" என்ன ஆச்சோ என்று பதறித் திரும்பினார்.

"குச் நஹி. சலோ" என்றேன், ஒன்றுமில்லை, கிளம்புங்கள் என்று.

பஸ் கிளம்பியது. நாளையும் தட்டுவேன், அண்ணே.