வாசலில் விட்ட செருப்பு

அம்மா, இன்று லண்டன் ஆர்ச்வே கோயில் வாசலில் ஒரு பெண்மணி ஒரு சோடிச் செருப்பைக் காவல் காத்துக்கொண்டு நின்றார். கையில் கார்த் திறப்புக் கொத்து. பூசை முடிந்து சனம் கலைந்த பிறகும் பார்வை அந்தச் செருப்பை விட்டு அசையவில்லை. நான் போகாமல் நின்று பார்த்தேன். நீங்கள் கண்மூடிய பிறகும் இந்தச் சந்தேகப் புத்தி என்னை விட்டுப் போவதாயில்லை.

உங்களையும் ஒருத்தி இப்படித்தான் காத்தாள். ஹரோவில் அவள் வீட்டில், பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்து, சம்பளமில்லாமல், பூட்டிய கதவுக்குள் ஆண்டுக்கணக்காய்ச் சமைத்துக் கொட்டினீர்கள். வெளியே கூட்டிவருவது வெள்ளிக்கிழமைக் கோயிலுக்கு மட்டும். வாசலில் செருப்புக் கிடந்தால் ஆள் உள்ளேதான் என்று வீட்டுக்காரி நிம்மதியாக நிற்பாள். ஒரு மார்கழியில் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு, அந்தக் குளிரில் வெறுங்காலோடு மேடிறங்கி, பக்கத்து ஆஸ்பத்திரிக்குள் புகுந்தீர்கள். "வெறுங்காலோட வாற ஆளை அங்கை ஒருத்தரும் வித்தியாசமாப் பாக்க மாட்டினம்" என்று பிறகு சொல்லிச் சிரித்தீர்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாழ்ப்பாணத்தில் நானும் சித்தியும் குடியிருந்தது அந்த ஹரோ வீட்டுக்காரியின் தமையனுடைய வளவு வீட்டில். அடுத்த நாளே சட்டிபானையோடு எங்களை றோட்டில் விட்டார்கள். "கொம்மா ஆரோடையோ ஓடிட்டா" என்றார்கள். சின்னப்பிள்ளை, நம்பினேன். நீங்கள் போன் எடுத்தால் பேசமாட்டேன் என்று ஓடி ஒளிந்தேன். அவள் பக்கத்தில் நிற்க நீங்கள் முன்பு போனில் சொன்ன "சுகமாயிருக்கிறன் பிள்ளை" எல்லாம் பொய்தானே, இனி எதை நம்புவது?

கலியாணம் கட்டி லண்டனுக்கு வந்த பிறகு, கிங்ஸ்பரியில் உங்கள் குசினியில் வைத்துக் கேட்டேவிட்டேன். "ஓடேக்கை என்னை ஒருக்கா எண்டாலும் நினைச்சனீங்களே?"

நீங்கள் மீன் வெட்டுவதை நிறுத்தவில்லை. "இல்லை. நினைச்சிருந்தா ஒரு அடியும் வைக்க ஏலாமல் போயிருக்கும்."

அன்று கோபத்தில் சாப்பிடாமல் எழும்பிப் போனேன். இப்போது, நீங்கள் சொன்னவற்றில் நான் முழுதாக நம்புவது அதை மட்டும்தான் அம்மா.

இன்று அந்தப் பெண்மணி என்னிடம் வந்தார். "இந்தச் செருப்புக்காரப் பிள்ளையைக் கண்டனீங்களே? எங்கட வீட்டிலதான் நிக்கிறவ."

நல்ல மனுசியாகவும் இருக்கலாம். தங்கச்சி பெற்ற பிள்ளையைக் காணாமல் தவிக்கிறாரோ என்னவோ, எனக்கென்ன தெரியும்? நான் வெளியே வரும்போது உள்ளே ஒருவரையும் காணவில்லை.

"ஓம், உள்ளதான் நிக்கிறா" என்றேன். "இப்பதான் சுத்திக் கும்பிடத் தொடங்கினவ. ஆறுதலாத்தான் வருவா."

அவர் திரும்பிப்போய்ச் செருப்புக்குப் பக்கத்தில் நின்றார்.