திருமுல்லைவாயில் தளம் ஏன் விழுந்தது

என் ஏழுமலை அண்ணாவுக்கு,

உன் பெயரைக் கெடுத்தவனை நேற்று நாலு பேர் முன்னால் நிற்க வைத்தேன். அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நீ செத்த மறுநாளே உன் முதலாளி போலீசில் என்ன சொன்னான் தெரியுமா? "மேஸ்திரி சிமெண்டைத் திருடி வித்துட்டான் சார். அதான் தளம் வுழுந்துச்சு." நம் வீட்டுப் படி உடைந்தபோது, சைட்டிலிருந்து ஒரு சட்டி சிமெண்ட் கேட்ட அண்ணியைத் திட்டிய நீயா திருடன்? துக்கம் கேட்க வந்தவர்களே பாதி நம்பினார்கள். எனக்கு அழுகை நின்றுபோனது அன்றைக்குத்தான்.

உன்னோடு வேலை செய்த காதர் பாய், கால் உடைந்து பூந்தமல்லியில் வீட்டோடு கிடந்தார். இரண்டு முறை போனேன். பயந்துபோய்ப் பேசவே இல்லை. மூன்றாம் முறை அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"கான்கிரீட் போட்டு எட்டு நாள்தாம்மா ஆவுது. ஃபிளாட் வாங்கறவங்க பாக்க வராங்க, தளத்தைத் தாங்கிக்கினு கீழ கீற முட்டெல்லாம் பிரின்னு முதலாளி நின்னாரு. 'இன்னா சார், தளம் இன்னும் இறுகவே இல்ல, தலையில வுழும்'னு உங்கண்ணன் சண்டை போட்டாரு. கேக்காம எங்களைப் பிரிக்க வெச்சாரு. மேல விரிசல் வுட்ட சத்தம் கேட்டதும் உள்ள ஓடியாந்து என்னை வெளிய தள்ளுனது உங்கண்ணன்தான்."

வேண்டாம் என்று சொன்ன நீயே அதன் அடியில் போய்விட்டாயே, அண்ணா?

நேற்று பட்டாபிராமில் அவன் புதுக் கட்டடத்துக்குப் பூமி பூஜை போட்டான். கம்பெனிப் பெயர் வேறு, ஆள் அதே ஆள். வீடு வாங்க வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உன் படத்தோடு உள்ளே போனேன். காதர் பாய் ஊன்றுகோலோடு என் பின்னால் வந்தார்.

"யாரும்மா நீ? இன்னா வோணும்?" என்றான்.

"ஏழுமலை தங்கச்சி. எட்டாம் நாள் நீ இன்னா பண்ணேன்னு இவங்களுக்கு நீ சொல்றியா, காதர் பாய் சொல்லட்டுமா?"

காதர் பாய் சொன்னார், ஒன்று விடாமல். ஒரு பெரியவர் எழுந்து, "இது நெசமா சார்?" என்று கேட்டார். நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. அவன் முகம் செத்துப்போனது. எனக்கு இனித்தது, அண்ணா. பாவம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

அங்கிருந்து நேரே ஸ்டேஷனுக்குப் போய் காதர் பாய் வாக்குமூலம் கொடுத்துவிட்டார். இன்று காலையிலிருந்து சமாதானம் பேச ஆள் அனுப்புகிறான். அண்ணி கதவைத் திறக்கவில்லை.

அவன் கூண்டில் ஏறி, "ஏழுமலை வேணாம்னுதான் சொன்னான், நான்தான் கேக்கல" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அதுவரை அவன் எந்த ஊரில் கடைக்கால் தோண்டினாலும் அங்கே போய் நிற்பேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
மல்லிகா