ஐந்து பந்தி முடியும் வரை

அன்புள்ள அப்பத்தா,

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை நம் குடும்பம் முழுமையாகக் கூடி, ஒன்றரை மணி நேரம் விவாதித்து, உங்கள் பித்தளைச் சாம்பார் அண்டாவை மொட்டைமாடியில் கறிவேப்பிலைச் செடிக்குத் தொட்டியாக வைப்பது என்று முடிவெடுத்தது. அத்தை மட்டும் எதிர்த்து அழுதார். அடியில் எத்தனை ஓட்டை போடுவது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. மூன்று என்று தீர்ந்தது. டிரில் மிஷினைப் பிடித்தவள் நான். இதை உங்களுக்கு முறைப்படி தெரிவித்துக்கொள்கிறேன்.

ஓட்டை போடுமுன் ஒருமுறையாவது புளி போட்டுத் துலக்க வேண்டும் என்பது அத்தையின் நிபந்தனை. உள்ளே குனிந்து தேய்த்தேன். அந்தப் புளியும் பித்தளையும் கலந்த வாடை வந்தால் எல்லோருக்கும் உங்கள் ஞாபகம் வருமாம். எனக்கு அம்மாவின் முழங்கை ஞாபகம் வந்தது. அண்டாவை எப்போதும் தேய்த்தவள் அவள்.

ராஜபாளையத்தில் நம் தெருவைக் கடந்து பசியோடு எவரும் போனதில்லை. மில்லில் ஷிப்டு முடிந்து வருகிறவர், வழி கேட்க நின்றவர், யாராக இருந்தாலும் வாசலில் நின்று மறிப்பீர்கள்: “ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போலே.” தொண்ணூறுகளில் நீங்கள் போனபோது ஒட்டிய போஸ்டரில் ‘பசியறிந்த தாயே’ என்று அச்சடித்திருந்தார்கள். அதில் பிழை ஏதும் இல்லை. பசியை அறிந்தவர் நீங்கள்தான். உள்ளே ஆக்கிக்கொண்டிருந்தவளைப் பற்றிச் சொல்லப் போஸ்டரில் இடம் போதவில்லை.

நான் எழுத வந்தது அத்தை மகளின் காதுகுத்தைப் பற்றி. எண்பதுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதம். தாய்மாமனான அப்பாவின் மடியில் பிள்ளையை உட்கார வைத்து, ஒன்பதரை மணிக்கெல்லாம் குத்தி முடித்தாயிற்று. நல்ல காரியம் முடிந்தது. மிச்சம் சாப்பாடுதான். நேரத்தை நான் இவ்வளவு கறாராகச் சொல்வது ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

பத்தரைக்கு அம்மாவின் ஊரான மகாராஜபுரத்திலிருந்து சுப்பையா வந்தார். அம்மாவின் அய்யாவோடு, என் தாத்தாவோடு, வயலில் பாடுபட்டவர். அவரைக் கிணற்றடிக்கு ஒதுக்கிக்கொண்டு போனீர்கள். அங்கே நான் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தேன். எனக்குப் பதினேழு வயது.

“ராத்திரி போயிட்டாக ஆச்சி. மக வந்து மொகம் பாக்கட்டும்னு வச்சிருக்கோம். வெயிலு தாங்காது, பொழுது சாயிறதுக்குள்ள எடுத்துரணும். கையோட கூட்டிட்டு வரச் சொன்னாக.”

“எல போட்டிருக்கும்போது எழவுச் சேதி சொல்லப்படாதுலே. பந்தி முடியட்டும்.”

“எத்தன பந்தி ஆச்சி?”

“வந்த சனம் சாப்பிட வேண்டாமா? நீயும் போயி உக்காரு.”

பிறகு என்னைப் பார்த்தீர்கள். “ஏட்டி, நீ ஒண்ணும் கேக்கல. தண்ணிய எடுத்துட்டுப் போ.”

எடுத்துக்கொண்டு போனேன்.

சாப்பிடுகிறவரிடம் துக்கச் சேதி சொல்லக்கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். நல்ல வழக்கம். கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகட்டும் என்கிற கருணை அதில் உண்டு. ஆனால் அன்று அம்மா சாப்பிடவில்லை, பரிமாறிக்கொண்டிருந்தாள். ஊரார் இலையை எல்லாம் அவள் இலையாகக் கணக்கில் எடுத்துக்கொண்ட தாராளம் உங்களுடையது.

சுப்பையாவை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தீர்கள். அம்மாவுக்கு அவரைப் பார்த்ததில் சந்தோஷம்.

“என்ன சுப்பையாண்ணே, திடுதிப்புனு? அய்யா எப்பிடி இருக்காக?”

“காதுகுத்துக்கு நான்தான் சொல்லிவிட்டேன்” என்றீர்கள், தூணோரமிருந்து. “நீ ரசத்தக் கொண்டா.”

சுப்பையா தலையைத் தூக்கவில்லை. “ரசம் ஊத்து தாயி” என்றார். ஊற்றினாள். அவர் பிசைந்துகொண்டே இருந்தார்.

“எங்க வீட்டு ரசம் தொண்டையில எறங்கலையோ?” என்று அம்மா கேலி பண்ணினாள். பக்கத்து இலைக்காரர்களும் சிரித்தார்கள்.

மூன்றாம் பந்தியில் சோறு பற்றவில்லை. அம்மா மறுபடி உலை வைத்தாள். நாலாம் பந்தி தெருக்காரர்களுக்கு. அதோடு முடிந்திருக்க வேண்டியது. இரண்டு மணி ஷிப்டு விட்டு வந்தவர்களை வாசலில் நின்று நீங்கள் கூப்பிட்டதால் ஐந்தாவது ஒன்று உண்டாயிற்று. நான் தண்ணீர்ச் செம்போடு அம்மாவைப் பலமுறை கடந்து போனேன். ஒருமுறை அவளே கேட்டாள், “ஏன்ட்டி மொகம் வாடிக் கெடக்கு, பசிக்கா?” என்று. ஆமாம் என்றேன்.

கடைசி இலை எடுத்தபின் அவளை உட்கார வைத்தீர்கள்.

“ரெண்டு வாய் சாப்பிடு. பொறவு ஒண்ணு சொல்லுதேன்.”

“என்னத்தே?”

“மொதல்ல சாப்பிடு.”

சாப்பிட்டாள். கை கழுவும்போது சொன்னீர்கள். அப்பாவுக்கும் அப்போதுதான் தெரியும். அவள் விழுந்து அழுது எழுந்ததும், ஒரு தூக்குவாளி நிறையச் சாம்பார் சாதம் கொடுத்தீர்கள். “எழவு வீட்டுல அடுப்பு பத்த வைக்க மாட்டாக. பாவம், பசியோட இருப்பாக.”

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வத்திராயிருப்பு பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றோம். அம்மா என்னிடம் கேட்டாள்.

“சுப்பையாண்ணன் எத்தன மணிக்கு வந்தாக?”

“பத்தரைக்கு.”

“ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

தூக்குவாளியைக் கை மாற்றிக்கொண்டாள்.

மகாராஜபுரத்தில் இறங்கித் தெருவுக்குள் திரும்பியபோது, எதிரே மாமா மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக வந்தார். அதைப் பார்த்ததும் அம்மா நடப்பதை நிறுத்திவிட்டாள். நாலரை வரை வைத்துப் பார்த்தார்களாம். சுடுகாட்டுக்குப் பெண்கள் போகிற வழக்கமும் நம்மிடம் இல்லை.

சாம்பார் சாதத்தை அங்கே எல்லோரும் சாப்பிட்டார்கள். “ஒன் மாமியா மாதிரி மனுசி கெடைக்குமா?” என்று ஒரு பெரியம்மா கேட்டாள். அம்மா “ஆமா” என்றாள்.

பல வருஷம் கழித்து உங்களிடம் ஒரே ஒரு முறை இதைக் கேட்டேன். நிஜமாகவே திகைத்துப் போனீர்கள். “அம்புட்டு சனத்தையும் பாதி எலையில எந்திரிக்கச் சொல்லுதியா?” யாரும் எழுந்திருக்க வேண்டியதில்லை, அப்பத்தா. ஒருத்தி காதில் சொன்னால் போதும். அந்த ஒருத்தி போய்விட்டால் பரிமாற ஆள் இல்லை. அது உங்கள் மனசிலேயே தோன்றவில்லை என்பதை நான் நம்புகிறேன். அதனால்தான் என் கோபம் இன்னும் ஆறாமல் கிடக்கிறது.

உங்களிடமிருந்து எனக்கு வந்தது ஒன்று உண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் என் வாய் தானாகவே “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டுவிடுகிறது. கேட்ட கையோடு, “ஏதும் சேதி உண்டா?” என்றும் கேட்கிறேன். சிலர் ஒருமாதிரி பார்க்கிறார்கள்.

அம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது. போன மாதம் ஒருநாள், “அய்யாவுக்கு மச்சம் வலது கன்னத்துலயா, இடது கன்னத்துலயா?” என்று என்னிடம் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. மாமாவுக்குப் போன் போட்டோம். அவருக்கும் நிச்சயமில்லை.

தாத்தா போட்டோ எடுத்துக்கொண்டதில்லை.