கோடீஸ்வரனுக்கு மண் கல்லறை

அடேய் வீட்டுக்காரா,

உன் மோதிரங்களைக் கெடுத்துவிட்டேன். நாளைக்குக் கல்லறைத் திருநாள். மாதா சுரூபத்துக்கு முன்னால் இருக்கும் பித்தளை விளக்கைத் தேய்க்கப் புளி கரைத்தேன். கொஞ்சம் மிச்சம் இருந்தது. பவுடர் டப்பாவுக்குள் கறுத்துக் கிடந்த உன் மோதிரங்களையும் ஒரு கை தேய்த்துவிடுவோம் என்று எடுத்தேன். கவரிங் நகையில் புளி பட்டால் போச்சு என்று எனக்குத் தெரியாதா? வேலை பார்த்த காலம் முழுக்கக் கவரிங் வளையல் போட்டுக்கொண்டே தனியார் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போனவள் நான். ஆனாலும் இவற்றைத் தங்கம் தங்கம் என்று ஊர் சொல்லக் கேட்டுக் கேட்டு என் கையும் நம்பிவிட்டது போலிருக்கிறது. மஞ்சளெல்லாம் என் விரலோடு வந்துவிட்டது. மிச்சமிருப்பது பழைய சோற்றுக் குண்டான் மாதிரி வெளிறிய ஏதோ ஒரு தகரம். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்து அழுதேன். பாத்திரம் கழுவுகிறேன் என்று பக்கத்து வீட்டில் நினைத்திருப்பார்கள்.

அந்த டி.வி. நாடகத்தில் உனக்குப் பெயரே கிடையாதடா, தம்பி. வீட்டுக்காரர், அவ்வளவுதான். குடித்தனங்களை வைத்துக்கொண்டு வாடகை வாங்குகிற சென்னைக் கஞ்சன். ஞாயிற்றுக்கிழமை நீ டி.வி.யில் வரும் நேரத்தில் நம் ஊர் செஞ்சிக் கடைத்தெருவே கொஞ்சம் அடங்கிவிடும். குழாய் ஒழுகுகிறது என்று குடித்தனக்காரர் வந்து நிற்பார். நீ மோதிரக் கையை அகல விரித்து, "இன்னா அவசரம்? வூடு எங்க ஓடிடப் போவுது?" என்பாய். குழந்தையிலிருந்து கிழவி வரை சிரிக்கும். அது யாரும் எழுதிக்கொடுத்த வசனம் இல்லை என்பது நம் இரண்டு பேருக்கும்தான் தெரியும். நம் அப்பா, நைனா, நெல் ஏலம் போடுகிற கமிட்டியில் மூட்டை தூக்கும்போது, விரட்டுகிற வியாபாரிகளிடம் சொன்னது அது. இன்னா அவசரம், மூட்டை எங்க ஓடிடப் போவுது என்பார். நீ மூட்டையை எடுத்துவிட்டு வீட்டைப் போட்டாய். படப்பிடிப்பில் கேமராக்காரரே சிரித்துவிட்டாராம், டைரக்டர் இனி வாராவாரம் இதைச் சொல் என்றாராம். அன்றைக்கு ராத்திரி எனக்குப் போன் செய்து, "அக்கா, நைனா டி.வி.ல வந்துட்டாரு" என்று சொன்னாய்.

வருஷக்கணக்காக ஓடிய நாடகம். ஊர் என்ன நினைத்தது? வாராவாரம் டி.வி.யில் வருகிறவனுக்கு வாராவாரம் பெட்டி பெட்டியாய்ப் பணம் வரும் என்று நினைத்தது. நீ வாங்கியது நாள் சம்பளம். மாதத்தில் சில நாள் கூப்பிட்டு, நாலு வாரத்துக்கு வேண்டியதை மொத்தமாக எடுத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். அதையே மறுபடி மறுபடி காலையிலும் மத்தியானத்திலும் போட்டார்களே, அதற்கு உனக்கு ஒரு பைசா கிடையாது. உன் முகம் உழைத்துக்கொண்டே இருந்தது, நீ சும்மா உட்கார்ந்திருந்தாய்.

சாலிகிராமத்தில் உன் ரூமுக்கு ஒரே ஒரு தடவை வந்திருக்கிறேன். மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ரூம். மூலையில் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, கீழே ஒரு பக்கெட் வைத்திருந்தாய். வீட்டு ஓனரிடம் சொல்லவேண்டியதுதானே என்று கேட்டேன். "சொன்னேன்க்கா. என் டயலாக்கையே எங்கிட்ட சொல்லிட்டு சிரிச்சிக்கினே போயிட்டாரு" என்றாய். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பக்கெட் எனக்கு ஞாபகத்துக்கு வந்தது.

ஊருக்கு வரும்போது மட்டும் நீ ராஜா. சென்னையிலிருந்து திண்டிவனம் வரைக்கும் நின்றுகொண்டே பஸ்ஸில் வருவாய். அங்கே இறங்கி, பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையில் சட்டை மாற்றி, பவுடர் போட்டு, மோதிரங்களை மாட்டிக்கொண்டு, வாடகைக்கு ஒரு கார் பிடிப்பாய். டிரைவரைக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி. போடச் சொல்வாய். கடைத்தெரு வந்ததும் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டுவாய். கல்யாண வீட்டில் உன் மோதிரத்தைத் தொட்டுப் பார்க்கப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். ஏன்டா இந்த வேஷம் என்று நான் திட்டாத நாள் இல்லை. உனக்கு அது வேஷம் இல்லை, தொழில். "கஷ்டப்படறான்னு தெரிஞ்சா சாப்பாட்டு பேட்டாவோட முடிச்சிடுவானுங்க. வசதியானவன்னு நெனச்சாதான் கூப்புடுவானுங்க, மரியாதையா சம்பளம் பேசுவானுங்க" என்றாய். அங்கே எல்லோரும் அப்படித்தானாம். அடகுக் கடையிலிருந்து நேராக ஷூட்டிங்குக்கு வருகிறவனும் சென்ட் அடித்துக்கொண்டுதான் வருவானாம்.

பெண் கொடுக்கக்கூட வந்தார்களே. ஜாதகம் கீதகம் வேண்டாம், கோயிலில் சாமியார் கல்யாண ஓலை வாசித்தால் போதும் என்று நல்ல குடும்பங்கள் வந்தன. எல்லாவற்றையும் தட்டிக்கழித்தாய். கட்டிக்கொண்டு போனால் அந்த ரூமுக்குத்தானே கூட்டிப் போக வேண்டும் என்று என்னிடம் மட்டும் சொன்னாய். கோடீஸ்வரனாக இருந்ததால் உனக்குக் கல்யாணம் ஆகாமல் போயிற்று. இதை யாரிடம் சொல்லி அழ?

நாடகம் நின்றது. வேறு யாரும் கூப்பிடவில்லை. வேறு எந்த வேஷம் போட்டாலும் ஜனங்களுக்கு வீட்டுக்காரர்தான் தெரிகிறார் என்று சிலர் சொன்னார்களாம், உங்களுக்குக் கொடுக்கிற அளவுக்கு எங்களிடம் வசதி இல்லை சார் என்று சிலர் சொன்னார்களாம். அந்த இரண்டாவது பதிலைச் சொல்லிவிட்டு நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அது இன்னும் என் காதில் கிடக்கிறது. இதற்கு நடுவில் யூடியூபில் யாரோ ஒருவர் உன் சொத்து மதிப்பு என்று ஒரு வீடியோ போட்டார். யாரோ ஒருவருடைய பங்களாவைக் காட்டி உன்னுடையது என்றார். நீ அதை எனக்குக் காட்டி, "மேல்மலையனூர் ரோட்டுல எனக்கு மாந்தோப்பு இருக்குதாம்க்கா, சீசனுக்குப் போயி பறிச்சாந்துடலாம்" என்றாய்.

கடைசியில் ஒரு பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாய். கார் எங்கே என்று கேட்டவர்களிடம் சர்வீஸுக்கு விட்டிருக்கிறேன் என்றாய். வீட்டுக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் உனக்கு மூச்சு வாங்கியது. நான் கொடுத்த தண்ணீரை நாலு தடவை நிறுத்தி நிறுத்திக் குடித்தாய். இதயத்தில் வால்வு கெட்டுப்போயிருக்கிறது, சீக்கிரம் மாற்றியாக வேண்டும், தள்ளிப்போட்டால் கையை விட்டுப் போய்விடும் என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு அரசாங்கக் காப்பீட்டு அட்டை வாங்கலாம், அதற்குத் தாலுகா ஆபீசில் வருமானச் சான்று வாங்க வேண்டும் என்றேன். நீ திரும்பிப் படுத்துக்கொண்டாய். "அங்க போயி நான் ஏழைன்னு எழுதிக் குடுன்னு கேக்கவாக்கா? எல்லாம் செல்ஃபி எடுப்பானுங்க" என்றாய்.

அப்புறம்தான் அந்த வீடியோ யோசனை எனக்கு வந்தது. உடம்பு முடியாத எத்தனை நடிகர்கள் அப்படிப் பேசியிருக்கிறார்கள். கேமரா முன்னால் நாலு வார்த்தை அழுதுகொண்டே சொன்னால் யார் யாரோ அனுப்புகிறார்கள், சில உயிர்கள் பிழைத்தும் இருக்கின்றன. ஒரு யூடியூப் சேனலைப் பிடித்து வரச் சொன்னேன். முந்தின நாள் முழுக்க உன்னிடம் கெஞ்சினேன். உள்ளதைச் சொன்னால் போதும், நடிக்கவே வேண்டாம் என்றேன். சரி என்றாய். பழைய லுங்கியைக் கட்டச் சொன்னேன், கட்டினாய். மோதிரங்களைக் கழற்றி டப்பாவில் போட்டேன், விட்டுக்கொடுத்தாய்.

காலையில் இரண்டு பேர் வந்தார்கள். கட்டிலுக்கு முன்னால் விளக்கை நிறுத்தினார்கள். அது எரிந்ததும் உன் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன். இப்போது எப்படி சார் இருக்கிறீர்கள் என்று கேட்டான் ஒருவன். எனக்கு உடம்பு, என்று ஆரம்பித்தாய். நிறுத்தினாய். அவர்கள் முகத்தைப் பார்த்தாய். வெறும் கையை அகல விரித்தாய்.

"இன்னா அவசரம்? உசுரு எங்க ஓடிடப் போவுது?"

கேமரா ஆடுகிற அளவுக்குச் சிரித்தார்கள். அவ்வளவுதான், உன்னைப் பிடிக்க முடியவில்லை. மாதக்கணக்கில் வெளுத்துக் கிடந்த முகத்தில் ரத்தம் ஏறியது. வாசலுக்கு நடந்து போய் ராஜகிரி மலையைக் காட்டி, அதுவும் நம் சொத்துதான், மேலே கோட்டை கட்டி வாடகைக்கு விட்டிருந்தேன், ராஜா வாடகை கொடுக்காமல் காலி செய்துகொண்டு ஓடிவிட்டான் என்றாய். தெருவே கூடிச் சிரித்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்று சேசுவே சேசுவே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். போகும்போது அவர்கள் உன் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். சொந்த ஊரில் எளிமையாக வாழும் கோடீஸ்வரர் என்று தலைப்பு வைத்து அதைப் போட்டார்கள்.

அன்றைக்கு நான் உன்னைப் பேசாத பேச்சு இல்லை. பாவி, உன் உயிரைத்தானேடா கேட்கச் சொன்னேன் என்று கத்தினேன். நீ மூச்சிரைக்கப் படுத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"சிரிச்சானுங்க, பாத்தியாக்கா?"

உன் நெஞ்சைத் தடவிவிட்டேன். மூச்சு அடங்கியதும் நீயே சொன்னாய். "அழுவுறவனுக்குக் காசு வரும். வேலை வராது. இதப் பாத்துட்டு யாராச்சும் கூப்புடுவாங்க பாரு."

போன் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. மகள் படிப்புக்கு உதவி செய்யுங்கள் சார், தகப்பனாருக்கு ஆபரேஷன் சார் என்று முகம் தெரியாதவர்கள் உன்னிடம் கேட்டார்கள். அவர்களிடமும் பார்க்கலாம் பார்க்கலாம் என்று பெரிய மனிதனாகவே பேசினாய். வேலைக்கு ஒருத்தரும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் நீ தலைமுடியைக் கையால் படிய வாரிக்கொண்டுதான் எடுப்பாய். மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாய். தலைமாட்டில்தான் அந்தப் போன் கிடந்தது.

அடக்கத்துக்கு வந்த கூட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு அவலூர்பேட்டையிலிருந்து பெரியப்பா மகன் வந்தான். பத்திரமெல்லாம் எங்கே என்று கேட்டான். எதுவும் இல்லை என்று மாதா மேல் சத்தியம் செய்தேன். வெளியே போய், சொத்தை அக்காக்காரி அமுக்கிவிட்டாள் என்று சொல்லிவிட்டான். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. முதியோர் பென்ஷனுக்கு எழுதிக்கொடுக்கப் போனால், உங்களுக்கு எதுக்கும்மா இது என்று சிரிக்கிறார்கள். ரேஷன் கடை வரிசையில் என் பையைப் பார்த்துக் கண்ணைக் காட்டிக்கொள்கிறார்கள். நீ விட்டுப்போன சொத்து முழுக்க இப்போது என் தலையில் இருக்கிறது. இறக்கிவைக்க இடமில்லை.

இன்று சாயங்காலம், மோதிரங்களைக் கழுவி முடித்த நேரத்தில், கோயில் கமிட்டி அந்தோணி இன்னும் இரண்டு பேரோடு வந்தான். கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டப்போகிறார்களாம். நீங்கள் மனது வைத்தால் மொத்தச் சுவரையும் தம்பி பெயரிலேயே கட்டிக் கல்வெட்டு வைத்துவிடலாம் என்றான். மரியாதையான பையன், கிண்டல் இல்லை. ஈரக் கையில் அந்தத் தகர மோதிரங்களை மூடிப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவே செய்துவிட்டேன். கையைத் திறந்து காட்டினால் போதும், எல்லாம் தீர்ந்துவிடும். வாயைத் திறந்தேன். மூன்று பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா அவசரம் அந்தோணி? சுவரு எங்க ஓடிடப் போவுது?"

நான்தான் சொன்னேன். என் குரல்தான். அவர்கள் ஒரு நொடி திகைத்தார்கள், அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்படியே தம்பி மாதிரியே இருக்குதுக்கா என்று அந்தோணி கண்ணைத் துடைத்துக்கொண்டான். தெருமுனை வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார்கள். நீ போன பிறகு இந்த வாசலில் கேட்ட முதல் சிரிப்பு. கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து உட்கார்ந்தேன். உன்னை எவ்வளவு திட்டியிருப்பேன். உள்ளதைச் சொல்ல எனக்கும் முடியவில்லையடா.

நாளைக்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரிக்க வருவார். சுற்றிலும் எல்லாக் கல்லறைக்கும் சிமெண்டு பூசி வெள்ளையடித்திருக்கிறார்கள். உன்னுடையது மண்மேடு. மழையில் ஒரு பக்கம் கரைந்துவிட்டது, மரச்சிலுவை சாய்ந்திருக்கிறது. அதன் மேல் மெழுகுவத்தி நிற்காது, கையால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். பளிங்கில் கட்டக்கூடாதா என்று போன வருஷம் கேட்டார்கள். மண்ணாகவே இருக்கட்டும் என்று நீ ஆசைப்பட்டதாகச் சொன்னேன். எவ்வளவு எளிமையான மனிதர் என்று உச்சுக்கொட்டினார்கள். நாளைக்கும் அதையே சொல்வேன், நாளைக்கும் நம்புவார்கள். உன்னைப் பற்றி எதைச் சொன்னாலும் இந்த ஊர் நம்புகிறது, நீ ஒன்றுமில்லாமல் செத்தாய் என்பதைத் தவிர.

உன் அக்கா